கர்னலுக்கு வெளியே கோப்பு முறைமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் கணினி பழுது பார்ப்பதும் தட்டச்சு, அச்சுவேலைகளைச் செய்து தருவதும் என் தொழில். எல்லையின் இந்தப் பக்கம் தமிழ்வழிப் பள்ளி மாணவர்களும் லினக்ஸில்தான் கணினி கற்கிறார்கள். கேரள அரசு 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டமும், அதன் வழிவந்த கைட் நிறுவனமும் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை வேரூன்றச் செய்துவிட்டன. கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் கடைகளில் பெரும்பாலும் விண்டோஸ். பென்டிரைவ்கள் தினமும் இரண்டு பக்கமும் போய்வருகின்றன. அவற்றைத் திறக்கும்போது எழும் சந்தேகங்களில் தொடங்கி, இயக்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் எப்படி அமைய வேண்டும் என்பதுவரை மாணவர்களும் தொழில் நண்பர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பயனர்வெளிக் கோப்பு முறைமைகளுக்கு ஒவ்வொரு கர்னலும் வாசல் திறந்து வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து; அதற்கான காரணங்களையும், அதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் எவை உண்மை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பயனர்வெளிக் கோப்பு முறைமை என்பது என்ன?

ஹார்ட்டிஸ்க்கில் இருப்பவை எண்ணிடப்பட்ட கட்டங்கள் மட்டுமே. "கல்யாணப் பத்திரிகை" என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, அது இன்ன ஃபோல்டரில் இருக்கிறது, அதன் அளவு இவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கட்டங்களின்மேல் கோப்பு முறைமை ஏற்றிக் காட்டும் ஒழுங்கு. வழக்கமாக இந்த வேலையைச் செய்யும் நிரல் கர்னலுக்குள்ளேயே, கணினியின் முழு அதிகாரத்தோடு இயங்கும். அதே வேலையை, நாம் அன்றாடம் திறந்து மூடும் மற்ற நிரல்களைப் போன்ற ஒரு சாதாரண நிரல் கர்னலுக்கு வெளியே நின்று செய்தால், அது பயனர்வெளிக் கோப்பு முறைமை. லினக்ஸில் இதற்கு வழிசெய்யும் அமைப்பின் பெயர் ஃபியூஸ். மிக்லோஷ் செரெதி எழுதிய இது, 2005 அக்டோபரில் வெளியான 2.6.14 கர்னலில் சேர்க்கப்பட்டது.

ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

நீங்கள் ஃபோல்டரைச் சொடுக்கியதும், கோப்பு மேலாளர் கர்னலிடம் "இதில் என்னென்ன இருக்கின்றன?" என்று கேட்கிறது. கர்னலில் எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவாக இருக்கும் அடுக்கு அந்தக் கேள்வியை வாங்கி, இந்த ஃபோல்டர் ஃபியூஸின் பொறுப்பில் உள்ளது என்று கண்டு, ஃபியூஸ் பகுதியிடம் ஒப்படைக்கிறது. ஃபியூஸ் அதற்குத் தானே பதில் சொல்வதில்லை. கேள்வியை வரிசையில் வைத்துவிட்டு, கேட்ட நிரலைக் காத்திருக்கச் செய்கிறது. வெளியே இயங்கும் நிரல், தனக்கென உள்ள சாதனக் கோப்பிலிருந்து (கர்னலோடு பேச உதவும் சிறப்புக் கோப்பு) அந்தக் கேள்வியைப் படித்து, பதிலைத் தேடி, அதே சாதனக் கோப்பில் எழுதுகிறது. கர்னல் அந்தப் பதிலைச் சரிபார்த்துக் கோப்பு மேலாளரிடம் கொடுக்கிறது. கோப்பு மேலாளருக்கு இதில் எதுவும் தெரியாது. சாதாரண ஃபோல்டரைத் திறந்ததாகவே அது எண்ணிக்கொள்ளும்.

இதற்குக் கர்னலின் உதவி எதற்கு? ஒரு நிரல் நூலகத்தை எழுதி, தேவைப்படும் நிரல்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டால் போதாதா?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். நூலகமாக எழுதும் முயற்சி நடந்துமிருக்கிறது. க்னோம் மேசைத்தளத்தின் ஜிவிஎஃப்எஸ், கேடிஇயின் கேஐஓ ஆகிய இரண்டும் அந்த வழியில் வந்தவை: வலையமைப்பில் உள்ள ஃபோல்டரையும், கேமராவில் உள்ள படங்களையும் அந்தந்த மேசைத்தளத்தின் நிரல்கள் நேராகத் திறக்கும். ஆனால் அந்த நூலகத்தை அறியாத நிரல் வந்தால் கதை அங்கேயே நின்றுவிடும். இருபது ஆண்டுகளுக்குமுன் எழுதப்பட்ட ஒரு கணக்குப் பதிவு நிரலோ, முனையத்தில் தட்டும் ஒரு சிறு கட்டளையோ அந்தப் படங்களைப் பார்க்க முடியாது. கடைசியில் ஜிவிஎஃப்எஸ்ஸும் தன் ஃபோல்டர்களை மற்ற நிரல்களுக்குக் காட்ட ஃபியூஸைத்தான் துணைக்கு அழைத்துக்கொண்டது.

காரணம் எளியது. எல்லா நிரல்களும், எந்த மொழியில் யார் எழுதியவையானாலும், கோப்பைத் திறக்கவும் படிக்கவும் கர்னலிடம்தான் வந்தாக வேண்டும். எல்லோரும் வந்து சேரும் அந்த ஒரே இடத்தில் வாசல் திறந்தால்தான் எல்லோருக்கும் அது பயன்படும். அந்த வாசலைக் கர்னலைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது. நான் கர்னலிடம் கேட்பது ஒவ்வொரு கோப்பு முறைமையையும் அது சுமக்க வேண்டும் என்பதன்று. ஒரே ஒரு வாசலைத் திறந்து, அதை நன்றாகக் காவல் காக்க வேண்டும் என்பதே.

லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இதை விளையாட்டுப் பொருள் என்று சொல்லிவிட்டாரே?

சொன்னார். விளையாட்டுப் பொருள் என்ற அளவைத் தாண்டிப் பயனர்வெளிக் கோப்பு முறைமைகள் நடைமுறைக்கு உதவும் என நினைப்பவர்கள் தவறான வழியில் போகிறார்கள் என்ற பொருளில் 2011இல் அவர் கருத்துத் தெரிவித்தார். கர்னலை அவரைப்போல் அறிந்தவர் சிலரே என்பதால் அந்தச் சொல்லை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வேகமே முதன்மையான இடத்தில், எடுத்துக்காட்டாக இயக்குதளமே குடியிருக்கும் மூல வட்டில், அவர் சொன்னது இன்றும் பொருந்தும். ஆனால் அதற்குப் பின் நடந்தவற்றையும் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு, ஃபியூஸைச் சில காலம் பயன்படுத்தி, 8ஆம் பதிப்பில் வேகத்துக்காக அதைக் கைவிட்டு, 2020இல் வந்த 11ஆம் பதிப்பில் மறுபடியும் அதற்கே திரும்பியது. எந்தச் செயலி எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்பதை ஒவ்வொரு கோப்பாகத் தீர்மானிக்க, கர்னலுக்கு வெளியே ஒரு நிரல் நடுவில் நிற்பது அவசியமாயிற்று. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், நீங்கள் இன்று எடுத்த புகைப்படம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போயிருக்கும்.

வேகம் எவ்வளவு குறையும்?

செய்யும் வேலையைப் பொறுத்து எதுவுமே குறையாமலும் இருக்கலாம், பெரும்பகுதி குறையவும் செய்யலாம். ஐபிஎம் ஆய்வாளர்களும் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின்மேல் ஒன்றும் செய்யாமல் கேள்விகளை அப்படியே கடத்திவிடும் ஒரு ஃபியூஸ் அடுக்கை வைத்து அளந்தார்கள். சில வேலைகளில் வித்தியாசமே தெரியவில்லை. மிக மோசமான வேலையில், எல்லா மேம்பாடுகளும் செய்த பிறகும், வேகம் 83 விழுக்காடு சரிந்தது. பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படித்தால் இழப்புக் குறைவு. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை உருவாக்கி அழித்தால் இழப்பு அதிகம்.

ஏன் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே விளங்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருமுன், வாளையாறு வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம். லாரி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். ஃபியூஸிலும் அப்படித்தான்: ஒவ்வொரு கேள்வியும் கர்னலுக்கும் வெளி நிரலுக்கும் இடையிலுள்ள எல்லையை ஒருமுறை போகும்போதும் ஒருமுறை திரும்பும்போதும் கடக்க வேண்டும். முற்காலத்தில் எழுதும் தரவு ஒரு பயணத்துக்கு 4 கிலோபைட் வீதம்தான் போயிற்று; லாரிக்கு ஒரு மூட்டை என்ற கணக்கு. பிறகு அது 128 கிலோபைட்டாகி, 2018இல் வந்த 4.20 கர்னலிலிருந்து 1 மெகாபைட் வரை உயர்ந்தது. 2024இல் வந்த 6.9 கர்னலில் இன்னும் பெரிய மாற்றம் நிகழ்ந்தது: கோப்பைத் திறக்கும்போது மட்டும் வெளி நிரலிடம் அனுமதி கேட்டுவிட்டு, அதன்பின் படிப்பதையும் எழுதுவதையும் அடியிலுள்ள உண்மையான கோப்பில் கர்னலே நேராகச் செய்துகொள்ளலாம். 2025இல் வந்த 6.14 கர்னலில், கேள்விகளும் பதில்களும் ஐஓ யூரிங் என்னும் பகிர்வு வரிசை வழியாகப் போகவும் வழி பிறந்தது. எல்லை இருக்கிறது, ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டியை நிறுத்த வேண்டிய தேவைதான் குறைந்துகொண்டே வருகிறது.

கர்னலுக்குள் எழுதினால் வேகம் கிடைக்குமே, அதில் என்ன குறை?

பிழை நேர்ந்தால் யார் விழுகிறார்கள் என்பதுதான் குறை. கர்னலுக்குள் உள்ள கோப்பு முறைமை ஒரு தவறான முகவரியைத் தொட்டால் கணினி முழுவதும் உறைந்துபோகலாம். பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த, இன்னும் சேமிக்காத வேலையும் அதோடு போகும். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த, பாதி சிதைந்த பென்டிரைவைச் செருகியதும் என் கணினி அசையாமல் நின்றது. அன்று மாலை கொடுக்க வேண்டிய பத்திரிகையின் மெய்ப்புத் திருத்தம் முழுவதையும் நான் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. பென்டிரைவில் உள்ள தகவல் தற்செயலாகச் சிதைந்திருந்தாலே இந்த நிலை. திட்டமிட்டுச் சிதைத்துக் கொடுத்தால் கர்னலின் முழு அதிகாரமும் அந்நியன் கைக்குப் போய்விடக்கூடும்.

அதே நிரல் வெளியே இருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் என் சொந்தப் பிழைகளால். அந்த ஃபோல்டரைத் தொட்டதும் "டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட் இஸ் நாட் கனெக்டெட்" என்ற ஒரு வரி வரும். மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இல்லை என்று அதற்குப் பொருள். மவுண்ட்டை, அதாவது கோப்பு முறைமையை அந்த ஃபோல்டரில் பொருத்தியிருப்பதை, நீக்கிவிட்டு, நிரலைத் திருத்தி, மறுபடி மவுண்ட் செய்தால் வேலை தொடரும். மற்ற நிரல்களுக்கு நடந்தது தெரியவே தெரியாது. வீட்டு மீட்டர் பலகையிலுள்ள ஃபியூஸ் கம்பி உருகி, வீட்டு ஒயரிங் முழுவதையும் காப்பாற்றுவதைப் போன்றது இது. பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் மாணவர்களுக்கு விளக்க எனக்கு மிகவும் உதவியிருக்கிறது.

எங்களைப் போன்றவர்களுக்கு இதனால் நேரடியாக என்ன பயன்?

என் கடையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். எல்லைப்பகுதி அச்சுக்கடை என்பதால் தமிழிலும் மலையாளத்திலும் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிறோம். யூனிகோடுக்கு முந்தைய காலத்துத் தமிழ் டெக்ஸ்ட் கோப்புகள் என்னிடம் நிறைய உள்ளன. பல, 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய டாப் குறியேற்றத்தில் இருப்பவை. இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். எல்லாவற்றையும் மாற்றிச் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு படிகள் சேரும், எது மூலம் என்ற குழப்பமும் சேரும். அதனால் பைத்தானில் முந்நூறு வரிக்குள் ஒரு கோப்பு முறைமை எழுதினேன். பழைய ஃபோல்டரை அது படிக்க மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னொரு ஃபோல்டரில் அதே பெயர்களோடு, உள்ளடக்கத்தை யூனிகோடாகக் காட்டும். மூலக் கோப்பில் ஒரு பைட்டும் மாறாது. தேடல் நிரலும் அச்சு நிரலும் எந்த மாற்றமும் இல்லாமல் அதைப் படிக்கின்றன.

முதல் நாள் ஓட்டியபோது ஒவ்வொரு கோப்பிலும் முதல் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. வரி நடுவிலேயே அறுந்துவிட்டது. மாற்றும் பகுதியில் தவறு இருக்கும் என்று நெடுநேரம் தேடினேன். தவறு வேறிடத்தில் இருந்தது. கோப்பைப் படிக்குமுன் கர்னல் அதன் அளவைக் கேட்கும். நான் பழைய கோப்பின் அளவையே சொல்லியிருந்தேன். டாப் குறியேற்றத்தில் ஒரு குறிக்கு ஒரு பைட். யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். "க்" போன்று பழையதில் ஒரே குறியாக இருந்த மெய்யெழுத்துக்கு ஆறு பைட். சொன்ன அளவு தீர்ந்ததும் கர்னல் நிறுத்திக்கொண்டது, அது செய்தது சரிதான். இன்னொரு சிக்கல் கொம்பு: பழைய குறியேற்றத்தில் "கெ" என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் வரும், யூனிகோடில் ககரம் முதலில் வர வேண்டும். "கொ" என்றால் மூன்று துண்டுகளை இரண்டாக்க வேண்டும். ஆகவே முழுக் கோப்பையும் ஒருமுறை மாற்றிப் பார்த்து, அளவைக் கணக்கிட்டு நினைவில் வைத்துக்கொண்டு, அதன்பின்தான் பதில் சொல்லும்படி திருத்தினேன்.

இப்படி ஒன்றைக் கர்னலில் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் சேர்ப்பது முறையன்று. ஆயினும் எனக்கு இது தேவை. ஈழத்திலும் மலேசியாவிலும் பழைய குறியேற்றங்களில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் இதுபோன்ற ஒன்று தேவைப்படலாம். பெரிய நிறுவனங்களின் கண்ணில் படாத இத்தகைய தேவைகளை, அந்த மொழியையும் தொழிலையும் அறிந்தவர்களே யாரிடமும் அனுமதி கேட்காமல் தீர்த்துக்கொள்ள வழிவிடுவதுதான் இந்த வாசலின் பெரும்பயன் என்று நான் கருதுகிறேன்.

விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் இப்போது கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டதே? அப்படியானால் வெளியே எழுதியது வீண்தானே?

வீண் அன்று. என்டிஎஃப்எஸ்-3ஜி என்னும் பயனர்வெளி நிரல் 2007இல் நிலையான பதிப்பாக வெளிவந்தது. அப்போது கர்னலில் இருந்த பழைய என்டிஎஃப்எஸ் டிரைவரால் விண்டோஸ் வட்டைப் படிக்க முடிந்ததே தவிர, அதில் புதுக் கோப்பை உருவாக்க முடியாது. முழுமையாக எழுதவல்ல டிரைவர் கர்னலுக்குள் வந்தது 2021இல், 5.15 பதிப்பில். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளும் பொள்ளாச்சியிலிருந்து வந்த ஹார்ட்டிஸ்க்குகளில் நாங்கள் எழுதியதெல்லாம் அந்த வெளி நிரலின் தயவில்தான். வெளியே பிறந்து, பயன்பட்டு, தேவை உறுதியானபின் அந்த வசதி உள்ளே வருவது நல்ல வழிமுறை. உள்ளே வராமல் வெளியிலேயே தங்கிவிட்டாலும் குற்றமில்லை. எஸ்எஸ்ஹெச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியே தூரத்துக் கணினியின் ஃபோல்டரை மவுண்ட் செய்யும் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் அப்படித்தான் இருந்துவருகிறது.

ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) நுழைந்தும் என் ஃபியூஸ் ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை. இது பிழையா?

பிழை அன்று, வேண்டுமென்றே செய்த காவல். பட்டியல் கேட்டால் அனுமதி, அளவு, தேதி இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகளாக வரும். முதன்முறை பார்ப்பவர்கள் வட்டு போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். மவுண்ட் செய்தவருக்கு மட்டுமே அந்த ஃபோல்டர் திறக்கும் என்பது இயல்பு ஏற்பாடு. ஏனென்றால் பதில் சொல்வது சாதாரணப் பயனரின் நிரல். அது ரூட்டின் நிரலுக்குப் பதிலே சொல்லாமல் முடிவின்றிக் காக்க வைக்கலாம், எல்லையில்லாத கோப்பைக் காட்டலாம், அந்த நிரல் எப்போது எதைத் தொடுகிறது என்று உளவும் பார்க்கலாம். மற்றவர்களுக்கும் திறந்துவிட வேண்டுமானால், கணினியின் நிர்வாகி ஃபியூஸின் அமைப்புக் கோப்பில் அதற்கு இசைவு தர வேண்டும். இரவில் தானாக ஓடும் காப்புப்படி நிரல் ரூட்டாக ஓடினால் இந்த ஃபோல்டரை எடுக்காது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

உரிமச் சிக்கலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையின் உரிமமும் லினக்ஸ் கர்னலின் உரிமமும் ஒத்துப்போவதில்லை என்பதால் அதைக் கர்னலோடு சேர்த்து வெளியிட முடியவில்லை. 2006இல் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் ஒரு மாணவர் அதை ஃபியூஸ் வழியே, கர்னலில் சேராத தனி நிரலாக, லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்.

எதை வெளியே வைக்கக் கூடாது?

சுறுசுறுப்பான தரவுத்தளத்தை வைக்காதீர்கள். இயக்குதளத்தின் மூல வட்டையும் வைக்காதீர்கள். ஆழமான இன்னொரு காரணமும் உண்டு. நினைவகம் தீர்ந்துபோகும்போது, எழுத வேண்டிய தரவை வட்டுக்கு அனுப்பிவிட்டு இடத்தை மீட்கக் கர்னல் முயலும். அந்தத் தரவை வாங்கிக்கொள்ள வேண்டிய வெளி நிரலுக்கே நினைவகம் தேவைப்பட்டால், ஒருவர் மற்றவருக்காகக் காத்து இருவருமே நின்றுவிடுவார்கள். இதைத் தவிர்க்கத்தான், ஃபியூஸ் மவுண்ட்டில் எழுதாமல் தேங்கும் தரவுக்குக் கர்னல் மிக இறுக்கமான வரம்பு வைத்திருக்கிறது. ஃபியூஸை எதிர்ப்பவர்கள் சொல்வதில் எனக்கு மிகவும் வலுவாகப் படுவது வேகக் குறைவைவிட இந்தக் கவலைதான்.

மற்ற இயக்குதளங்களில் நிலைமை என்ன?

பிளான் 9 இயக்குதளம் தொடக்கம் முதலே எல்லாவற்றையும் 9பி என்னும் நெறிமுறை வழியே கோப்பாகக் காட்டியது. க்னூ ஹர்டில் டிரான்ஸ்லேட்டர் என்ற பெயரில் இதே கருத்து உண்டு. ஃப்ரீபிஎஸ்டியும் ஓபன்பிஎஸ்டியும் ஃபியூஸை ஏற்றுக்கொண்டன. நெட்பிஎஸ்டி பஃப்ஸ் என்னும் தனி அமைப்பை வைத்திருக்கிறது. விண்டோஸில் வின்எஃப்எஸ்பி, டோக்கன் ஆகியவை வெளியார் எழுதியவை. ஆப்பிளும் அண்மையில் எஃப்எஸ்கிட் என்ற பெயரில் தன் மேக் இயக்குதளத்திலேயே இதற்கு இடம் கொடுத்துவிட்டது.

எழுதிப் பார்க்க எங்கே தொடங்குவது?

லிப்ஃபியூஸ் நூலகத்தோடு "ஹலோ" என்னும் சிறு எடுத்துக்காட்டு வருகிறது. அதன் நிரலில் அடிப்படையான கேள்விகள் நான்கு: இந்தப் பெயருக்கு உரியதும் அதன் அளவும் என்ன, ஃபோல்டரில் என்னென்ன இருக்கின்றன, இதைத் திறக்கலாமா, இந்த இடத்திலிருந்து இவ்வளவு பைட் கொடு. அதில் இருப்பது ஒரே ஒரு கோப்பு, அதற்குள் "ஹலோ வேர்ல்ட்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. முதலில் அதை அப்படியே ஓட்டுங்கள். பிறகு, அளவைச் சொல்லும் இடத்தில் மட்டும் 5 என்று மாற்றி எழுதி, மறுபடி மவுண்ட் செய்து கோப்பைப் படியுங்கள். உங்கள் நிரல் முழு வரியையும் கொடுக்கும். திரையில் "ஹலோ" மட்டும் வரும்.